இருபது பவுண்டு நாய்

மந்தை மேய்க்கும் குலத்தில் பிறந்தவன் நீ.
உன் தாய் மூன்று கோப்பை வென்றவள்.
நீயோ, பழக்க விட்ட முதல் நாளே
ஓர் ஆடு தும்மியதும்
டிராக்டருக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாய்.
'இருபது பவுண்டு கொடு, கூட்டிப் போ' என்றார் எம்ரிஸ்.
பேரம் பேசியிருந்தால் பத்துக்கே தந்திருப்பார்.
வாய் வரவில்லை.
பத்தொன்பது வருஷம் நான் பிறர் பணத்தை எண்ணிய
வங்கிக் கிளையை அந்த வாரம்தான் மூடியிருந்தார்கள்.
வேலைக்கு ஆகாதவர்களின் விலை பற்றி
எனக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தது.

காட்னோ என்று பெயர் வைத்தேன்.
வெல்ஷில் நரி.
நிறத்துக்கு வைத்தது, மூளைக்கு அல்ல.

மே மாதத்து ஞாயிறு.
பெய்யலாமா வேண்டாமா என்று
மலைமேல் உட்கார்ந்து யோசிக்கும் மேகம்.
பையில் சீஸ் வைத்த ரொட்டி, தெர்மாஸில் தேநீர்,
உனக்கு அவித்த ஈரல்.
கம்பத்து மஞ்சள் அம்பு காட்டிய வழியே
பிறர் நிலத்தில் உரிமையோடு நடந்தோம்.

நடந்தோம் என்பது பொய்.
நான் நடந்தேன். நீ வாசித்தாய்.
ஒவ்வொரு வேலிக்காலிலும் நேற்றிரவுச் செய்தி:
எந்த முயல், எந்தப் பக்கம், யார் துரத்தியது.
ஒரு பெரணிப் புதரில் மட்டும் ஆறு நிமிடம்.
அப்படி என்ன இருக்கிறதென்று நானும் குனிந்து மோந்தேன்.
மண். இலை. அவ்வளவுதான்.
நீ என்னைப் பார்த்த பார்வையில்
எழுத்தறியாதவள்மேல் வரும் இரக்கம்.

ஓடை கடக்கும் இடத்தில்
பர்மிங்காமிலிருந்து வந்த தம்பதி
உன் பெயர் கேட்டார்கள், வயது கேட்டார்கள்,
காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார்கள்.
என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
இப்போ என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றுகூட.
உனக்கு இரண்டு ஈரல் துண்டு அதிகமாகக் கொடுத்தேன்.

இரண்டாம் மேட்டுக்கு அப்பால் ஆடுகள்.
உடனே என் முழங்காலுக்குப் பின்னால் போனாய்.
வாரை நான் பிடித்திருந்தேன் என்று
தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள்.

கம்பிவலைக் கட்டத்தில் தலை மாட்டி
ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது.
தாய் அருகே நின்று தரையை உதைத்தது.
வாரை விட்டேன். மண்டியிட்டேன்.
ஒரு காதை மடக்கி, மற்றதை மடக்கி,
கம்பியை விரித்து, மெல்லத் தலையைத் திருப்பி...
நீ தள்ளிப் படுத்து
வராத பேருந்துக்குக் காத்திருப்பவன்போல
மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

குட்டி விடுபட்டது. நன்றி கிடையாது.
தாய் தலையைத் தாழ்த்தியது. புரிந்தது.
ஓடினோம்.
நாற்பத்தேழு வயதில், சேற்றில், முதுகில் தேநீர் குலுங்க.
கதவை முதலில் அடைந்தவன் நீ.
நீ அடியில் நுழைந்தாய், நான் மேலே ஏறி விழுந்தேன்.
தொப்பி வயலிலேயே கிடந்தது.

தொப்பியைப் பார்த்தாய்.
ஆட்டைப் பார்த்தாய்.
என்னைப் பார்த்தாய்.
பிறகு, நான் சொல்லாமலே,
திரும்பவும் கதவுக்கு அடியில் நுழைந்தாய்.
வயிறு புல்லில் தேய
கொஞ்சம் போய், நின்று, இன்னும் கொஞ்சம் போய்...
ஆடு தும்மியது.
வந்துவிட்டாய்.

கதவின்மேல் உட்கார்ந்து கண்ணாலேயே அளந்தேன்.
பதினோரு அடி.
எண்ணிக்கையில் நான் தவறுவதில்லை.
அதற்குள் அந்த ஆடு
தொப்பியின் ஓரத்தை மென்று பார்க்கத் தொடங்கியிருந்தது.
நான் சிரித்த சிரிப்பில் மரக்கதவு ஆடியது.
நீ எதிரே நின்று வாலை ஆட்டவா வேண்டாமா என்றிருந்தாய்.

மழை கடைசியில் பெய்தது.
ரொட்டியை முள்மரத்தடியில் பாதிப்பாதி தின்றோம்,
உன் பாதி பெரியது.

இருட்டும் முன் மதுக்கடை.
கம்பளத்தில் நாய்க்கு இடமில்லை, கல்தரையில் உண்டு.
கணப்புக்கு எதிரில் நம் இருவர்மேலும் ஆவி பறந்தது.
ஈர நாயின் நாற்றம். யாரும் முகம் சுளிக்கவில்லை,
பாதிப் பேருக்கு அதே நாற்றம்.

எம்ரிஸ் வந்தார். ஒரு தொப்பியை மேசையில் வைத்தார்.
'என் வயலில் கிடந்தது, டெலித்.'
விளிம்பில் பாதி இல்லை.
குரல் கேட்டதும் நீ என் பூட்ஸுக்குப் பின்னால் சுருண்டாய்.
குனிந்து பார்த்தார்.
'ஆட்டிடம் எப்படி இருக்கிறான் இப்போ?'

'பதினோரு அடி' என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.
தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு
இன்னொரு கோப்பை பீர் சொன்னேன்.